கழுத்திலும் கண்ணிலும் தோன்றும் ஒரு நோய்

ஒருவருடைய உடல்நிலையை அறிய மருத்துவர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். சில நோய்கள் இவ்வளவு முயற்சிக்கும் இடம் வையாமல் முகத்திலேயே தம்மைக் காட்டிக்கொண்டுவிடுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் புகுகிறேன். கண்கள் இரண்டும் முன்னுக்குத் தள்ளி, மேலிமை உயர்ந்து, கருவிழிக்கு மேலே வெண்மை தெரியும்படி ஒருவர் விழித்திருப்பார். காண்பவர் அவரைக் கோபக்காரர் என்றோ, எதையோ கண்டு அஞ்சியவர் என்றோ எண்ணுவர். அவரிடம் கோபமும் இல்லை, அச்சமும் இல்லை. கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி அளவு மீறி வேலை செய்கிறது. கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையும் கொழுப்பும் வீங்கியிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் மூலகாரணம் கழுத்திலும் இல்லை, கண்ணிலும் இல்லை. உடலைக் காக்கும் பொறுப்புடைய இரத்த வெள்ளணுக்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகளில் நேர்ந்த பிழையே காரணம் என்பது மருத்துவ அறிஞர்களின் முடிபு.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். அரசாங்கப் பணியில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஒரு மொழியில் உள்ள செய்தியை மற்றொரு மொழியார்க்கு விளங்கச் சொல்வதே என் வேலை. அந்த முறையில், இந்நோயைக் குறித்து அறிஞர்கள் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் இதனை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணமும் உண்டு. அதனைக் கடைசியில் சொல்வேன்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலைத் தழுவிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல அமைந்த ஒரு நாளமில்லாச் சுரப்பி. வளர்ந்தவரிடத்தில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். உணவிலும் உப்பிலும் உள்ள அயோடினை இரத்தத்திலிருந்து எடுத்து, தைராக்சின் முதலிய ஹார்மோன்களை ஆக்கி, மீண்டும் இரத்தத்தில் விடுவது அதன் தொழில். எட்வர்டு கெண்டால் என்னும் அமெரிக்க அறிஞர் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தைராக்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை வரையறுப்பது இந்த ஹார்மோனே. அது மிகுந்தால் நெஞ்சு படபடக்கும்; கை நடுங்கும்; வியர்வை பெருகும்; நன்றாக உண்டும் உடல் மெலியும்; உறக்கம் கெடும். அது குறைந்தால் சோர்வும் குளிரும் மிகும்; உடல் பருக்கும்; தோல் வறளும்; எண்ணமும் செயலும் மந்தமாகும்.

இந்தச் சுரப்பி தன் விருப்பம்போல் வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற மற்றொரு சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனைக் கட்டளையாக அனுப்புகிறது. தைராய்டு உயிரணுவின் மேற்புறத்தில் அக்கட்டளையை வாங்குவதற்கென ஒரு புரதம் உண்டு. அதனை 'ஏற்பி' என்று வழங்கலாம். பூட்டில் சாவி பொருந்துவது போல டி.எஸ்.எச். அந்த ஏற்பியில் பொருந்தியதும், உயிரணுவின் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற இரசாயனப் பொருள் பெருகுகிறது. ஹார்மோன் உற்பத்தி தொடங்குகிறது. இரத்தத்தில் தைராக்சின் போதிய அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி அதனை உணர்ந்து கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று அளந்து நடக்கும் ஒழுங்கினால்தான் நம் உடல் ஆண்டுக்கணக்கில் ஒரே நிதானத்தில் இயங்குகிறது.

இவ்வொழுங்கு குலைந்த நிலையை 1835-ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார். நீண்ட நாள் நெஞ்சுப் படபடப்பும் தைராய்டு வீக்கமும் ஒருங்கே உடைய மூன்று பெண்களைப் பற்றியது அவர் குறிப்பு. 1840-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மெர்சபர்க் நகரில் மருத்துவம் செய்த கார்ல் பான் பேசடோ என்பவர், கழுத்து வீக்கம், படபடப்பு, கண் துருத்தல் ஆகிய மூன்றும் ஒரே நோயின் குறிகள் என்று எழுதினார். ஆதலின் இந்நோயை ஆங்கில மருத்துவர் கிரேவ்ஸ் நோய் என்றும், ஜெர்மானியர் பேசடோ நோய் என்றும் அழைக்கின்றனர். 1912-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, வேறு விதமாக வீங்கிய தைராய்டுகளை ஆராய்ந்து, அவற்றுள் இரத்த வெள்ளணுக்கள் திரள் திரளாகக் குடியேறியிருப்பதைக் கண்டார். அந்நோயில் சுரப்பி நாளடைவில் அழிந்து, ஹார்மோன் குறைகிறது. ஒன்று மிகை, மற்றொன்று குறை. எனினும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பின்னர்தான் புலனாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடல் வேண்டும். வட இந்தியாவில் இமயமலையை அடுத்த பகுதிகளில் கழுத்துக் கழலை நெடுங்காலமாகப் பரவியிருந்தது. இந்தியில் அதனைக் 'கேங்கா' என்பர். மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்ததே அதன் காரணம். டாக்டர் வி. இராமலிங்கசுவாமி 1956-ஆம் ஆண்டில் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பினால் அக்கழலையைக் குறைக்கலாம் என்று மெய்ப்பித்தது. 1962-ஆம் ஆண்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. நாம் பேசும் நோய் அதனின் வேறானது. உப்பில் அயோடின் போதிய அளவு இருந்தும் இது வரும். ஆகவே கழுத்து வீக்கம் எல்லாம் உப்பின் குறைதான் என்று கொள்ளுதல் பிழையாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்னும் ஜெர்மன் பேரறிஞர், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளுதல் இயற்கைக்கு ஒவ்வாதது. அதனைத் தடுக்கும் ஏற்பாடு உடலிலேயே இருத்தல் வேண்டும் என்று கருதினார். இதனைத் தவறாகப் பொருள் கொண்ட பலர், அத்தகைய நோயே இராது என்று நெடுநாள் நம்பினர். 1956-ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அமெரிக்காவின் பபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும், முயலுக்கு முயலின் தைராய்டுச் சாற்றையே ஊக்கப்பொருளுடன் கலந்து ஊசி மூலம் செலுத்தினர். முயலின் உடல் தன் சுரப்பியையே பகையாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கியது, சுரப்பியும் சிதைந்தது. அதே ஆண்டில் இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ நோயுற்றவர்களின் இரத்தத்தில் தைராய்டுப் புரதத்துக்கு எதிரான பொருள் இருப்பதைக் காட்டினர்.

மூன்றாவது சான்று நியூசிலாந்திலிருந்து, அதே 1956-ஆம் ஆண்டில் வந்தது. டனீடின் நகரில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்னும் இருவர் கிரேவ்ஸ் நோயாளிகளின் இரத்தநீரைக் கினிப்பன்றிக்குச் செலுத்திப் பார்த்தனர். பிட்யூட்டரியின் ஹார்மோனைச் செலுத்தினால் சில மணி நேரத்தில் சுரப்பி தூண்டப்பெற்று, விரைவில் அடங்கிவிடும். நோயாளியின் இரத்தநீரோ வெகுநேரம் கழித்து உச்சத்தை எட்டி, நெடுநேரம் தூண்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பொருள் பிட்யூட்டரியிலிருந்து வந்ததன்று. வெள்ளணுக்கள் ஆக்கிய எதிர்ப்பொருளே என்பது 1960-களில் தெளிவாயிற்று. 1989-ஆம் ஆண்டில் டி.எஸ்.எச். ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தபின், எதிர்ப்பொருள் எங்கே பற்றுகிறது என்பதையும் நுணுகி ஆராய முடிந்தது.

இதனை அலுவலக வழக்கில் சொல்லலாம். ஓர் ஆலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உத்தரவு வந்தால்தான் உற்பத்தி நடக்கும். எவரோ போலி முத்திரை செய்து, 'இன்னும் உற்பத்தி செய்க' என்று இடைவிடாமல் உத்தரவு அனுப்பினால் ஆலை என் செய்யும்? முத்திரை சரியாகப் பொருந்துகிறது. ஆகவே உற்பத்தி செய்துகொண்டே போகும். தலைமை அலுவலகம் தன் உத்தரவை முற்றும் நிறுத்திவிட்டாலும் பயன் இல்லை. இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைந்தும் தைராக்சின் மிகுந்தும் காணப்படுவதன் பொருள் இதுவே. பொதுவாக எதிர்ப்பொருளின் வேலை பற்றிய பொருளை அழிப்பது அல்லது முடக்குவது. இங்கே அது பற்றிய உறுப்பைத் தூண்டிவிடுகிறது. மருத்துவ நூல்களில் இஃது ஓர் அரிய நிகழ்ச்சி.

இதற்கு இயற்கையே ஒரு சான்று தருகிறது. கிரேவ்ஸ் நோயுடைய தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியாகக் குழந்தையைச் சென்றடையும். அக்குழந்தைகளுள் சில, பிறக்கும்போதே மிகுந்த நாடித்துடிப்புடனும் மெலிவுடனும் பிறக்கின்றன. சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சிதைந்து மறைய, குழந்தையின் நோயும் மறைகிறது. நோய் குழந்தையின் சுரப்பியில் இல்லை, இரத்தத்தில் வந்த போலிக் கட்டளையில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அந்தச் சில மாதங்கள் குழந்தையின் உயிருக்கு ஆபத்தானவை ஆகலாம். ஆதலின் இந்நோய் உடையவர்களும், சிகிச்சையால் குணமடைந்தவர்களும், கருவுற்றால் அதனை மருத்துவருக்குத் தவறாமல் தெரிவித்தல் வேண்டும். சுரப்பியை அகற்றிய பின்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நீடிக்கக்கூடும்.

இனி, இந்தப் போலிக் கட்டளை எழுவது எவ்வாறு? எதிர்ப்பொருளை ஆக்குபவை பி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். அவை தாமாகப் பெரிதும் செயல்படுவதில்லை. டி அணுக்கள் என்ற மற்றொரு வகையின் அனுமதி வேண்டும். டி அணுவுக்கும் இரண்டு அனுமதிகள் தேவை. முதலாவதாக, வேறோர் அணு அயற்பொருளின் துண்டொன்றை எச்.எல்.ஏ. என்னும் தாங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டாவதாக, 'இது உண்மையான அபாயமே' என்று உறுதி கூறும் துணைச் சமிக்ஞை ஒன்று வர வேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் டி அணு பெருகி, சைட்டோகைன்கள் என்னும் செய்தி கூறும் புரதங்களை வெளியிட்டு, மற்ற அணுக்களை அழைக்கும். இரண்டாவது சமிக்ஞை இல்லையெனில் அது சும்மா இருந்துவிடும். இவையன்றித் தடுப்புக் கருவிகளும் உள. சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்னும் புரதங்கள் டி அணுவை அடக்கும் கடிவாளங்கள். அடக்கும் தொழிலையே மேற்கொண்ட தனி டி அணுக்களும் உண்டு. அவற்றை அடையாளம் கண்டு 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி. அவ்வணுக்களை நீக்கிவிட்டு எஞ்சிய டி அணுக்களை மட்டும் எலிகளுக்குச் செலுத்தியபோது, அவ்வெலிகளின் தைராய்டு முதலிய பல உறுப்புகள் தம் உடலின் தாக்குதலுக்கே இலக்காயின. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பெற்றது.

கடிவாளம் எவ்வளவு முக்கியம் என்பதைப் புற்றுநோய் மருந்துகளும் காட்டின. சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 ஆகியவற்றைத் தளர்த்தி, வெள்ளணுக்களைப் புற்றுநோயின்மேல் ஏவும் மருந்துகள் 2011-ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்தன. அவற்றைப் பெற்றவர்களுள் ஒரு பகுதியினருக்குப் புதிதாகத் தைராய்டு அழற்சி தோன்றியது. ஆகவே தைராய்டைத் தாக்கக்கூடிய அணுக்கள் பலரிடத்திலும் ஏற்கனவே உறங்கிக் கிடக்கின்றன என்று ஊகிக்க இடம் உண்டு. அவற்றை உறங்கவைத்திருப்பது மேற்கூறிய கடிவாளமே. பரம்பரையாக வரும் சில மரபணு வேறுபாடுகள் அதனைத் தளர்த்துகின்றன. எனினும் ஒரே கருவில் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. புகையிலை, மகப்பேற்றுக்குப் பிந்திய மாறுதல், அயோடின் மிகை போன்ற புறக்காரணங்களும் கூடவேண்டும். பெண்களுக்கு ஆண்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக இது வருகிறது.

கடிவாளம் தளர்ந்தபின் நிகழ்வது இருவகைப்படும். கொல்லும் டி அணுக்களும் இன்டர்பெரான்-காமா போன்ற சைட்டோகைன்களும் மேலோங்கினால், தைராய்டு உயிரணுக்கள் மடிந்து ஹஷிமோட்டோ நோயாகிறது. ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள் மேலோங்கினால் கிரேவ்ஸ் நோயாகிறது. சிலரிடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு.

இனிக் கண்ணுக்கு வருவோம். கழுத்தில் உள்ள பகை கண்ணைத் தேடிச் செல்வது ஏன்? கண்குழியில் விழியைச் சுற்றியுள்ள நார் அணுக்களின் மேலும் அதே டி.எஸ்.எச். ஏற்பி இருக்கிறது. அதன் அருகிலேயே, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியின் ஏற்பி என்னும் மற்றொன்றும் மிகுதியாக உள்ளது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூட்டுச் சேர்ந்து சமிக்ஞையைப் பெருக்குகின்றன. எதிர்ப்பொருள் பற்றியதும், அங்கு வந்து சேர்ந்த டி அணுக்கள் சி.டி.-40 என்னும் புரதத்தின் வாயிலாகத் தொட்டதும், நார் அணு விழித்தெழுகிறது. அது இன்டர்லூகின்-6 முதலிய சைட்டோகைன்களை வெளியிட்டு, மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கிறது. அவை வந்து அதனை மேலும் தூண்டுகின்றன. நெருப்பை அணைக்க வந்தவன் எண்ணெயை ஊற்றிய கதையாக முடிகிறது. நார் அணுக்களுள் சில கொழுப்பு அணுக்களாக மாறுகின்றன. சில, ஹயலூரோனிக் அமிலம் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது பஞ்சுபோல நீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். விழியை அசைக்கும் தசைகள் இதனால் பருத்துவிடுகின்றன.

கண்குழி எலும்பாலான ஒரு கூம்பு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். பக்கங்களில் விரிய இடமில்லை, முன்புறமே திறந்துள்ளது. சில மில்லிலிட்டர் கூடினாலும் விழி முன்னே தள்ளப்படும். தசைகள் பருத்துச் சீராக அசையாவிட்டால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இமை முழுதும் மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். குழியின் பின்முனையில் நெருக்கம் மிகுந்தால் பார்வை நரம்பு நசுங்கி, நிறங்கள் முதலில் மங்கிப் பின்னர்ப் பார்வையே போய்விடும் அபாயம் உண்டு. இந்தக் கடைசி நிலை நோயாளிகளுள் மிகச் சிலருக்கே வருவது. வந்தவர்க்கோ காலந்தாழ்த்தாத சிகிச்சை வேண்டும். கண்ணின் குறி தைராய்டின் குறியோடு ஒருங்கே வரலாம். அதற்கு முன்னோ பின்னோ வரலாம். ஹார்மோன் சரியான அளவில் உள்ளவருக்கும் வரலாம்.

1945-ஆம் ஆண்டில் ரண்டல் என்னும் மருத்துவர், இக்கண் நோய் ஏறிச் சென்று, உச்சம் தொட்டு, சிறிது இறங்கி, பின் அப்படியே நின்றுவிடுகிறது என்று காட்டினார். ஏறும் காலத்தில் சமிக்ஞைகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அப்போது மருந்து பயன்படும். நின்றுபோன காலத்தில் எஞ்சுவது தழும்பே. அதற்குப் பெரும்பாலும் அறுவை முறையே வழி. இதனால் காலத்தே மருத்துவரை நாடுதலின் அருமை விளங்கும்.

சிகிச்சை பலவகை. சுரப்பியின் மிகையை அடக்கக் கார்பிமசோல் போன்ற மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கொடுக்கின்றனர். கதிரியக்க அயோடினும் அறுவையும் மற்ற வழிகள். கதிரியக்க அயோடின் சிலருக்குக் கண் நோயை மிகுவிக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் கண்ணைச் சோதித்த பின்னரே அதனைத் தேர்கின்றனர். கண் நோய் கடுமையாயின் ஸ்டீராய்டு மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்துவது நெடுங்கால வழக்கம். அது சைட்டோகைன்களின் ஆரவாரத்தை மொத்தமாக அடக்குவது. சமிக்ஞையை ஓரிடத்தில் மட்டும் துண்டிக்கும் மருந்துகளும் இப்போது உள. மேலே கூறிய வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை மூடும் டெப்ரோடுமுமாப் என்ற மருந்தை 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதித்தது. அவ்வாண்டு வெளிவந்த ஒரு சோதனையில், அதனைப் பெற்றவர்களுள் 100-க்கு 83 பேருக்குக் கண் துருத்தல் குறைந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுள் 10 பேருக்கே குறைந்தது. செவிப்புலன் குறைதலும் இரத்தச் சர்க்கரை உயர்தலும் அதன் தீமைகள். விலையும் மிகப் பெரிது.

விலையில்லாத மருந்து ஒன்றும் உண்டு. அது புகையிலையை விடுதல். சிகரெட்டு, பீடி ஆகியவற்றைப் புகைப்பவர்க்குக் கண் நோய் வருவதும் கடுமையாவதும் மிகுதி. சிகிச்சையும் அவர்களிடத்தில் குறைவாகவே பலிக்கிறது. நோயாளி தம் முயற்சியால் செய்யக்கூடிய செயல்களுள் இதற்கு இணையானது வேறில்லை.

தொடக்கத்தில் கூறிய தனிக் காரணத்துக்கு வருகிறேன். தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நம்மவருள், குறிப்பாக அண்மையில் ஊரிலிருந்து வந்த பெண்மணிகளுள், பலர் மருத்துவரிடம் தம் துன்பத்தை அயல்மொழியில் சொல்ல வேண்டியவராய் உள்ளனர். 'படபடப்பு' என்பதை இந்தியில் சொல்ல முயன்று 'கப்ராஹட்' என்பார்கள். அச்சொல் மனக்கலக்கத்தையும் குறிக்கும். கேட்பவர், புதிய ஊரும் தனிமையும் தந்த கவலை என்று எண்ணிவிடக்கூடும். 'தில் கீ தட்கன் தேஜ் ஹை' என்றால், இதயத்துடிப்பு விரைவாக உள்ளது என்பது ஐயமின்றி விளங்கும். அதனோடு, உண்டும் உடல் மெலிகிறது, கை நடுங்குகிறது, கண் உறுத்துகிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கண் சிவந்து நீர் வடிவதை வடநாட்டுப் புழுதியின் விளைவு என்று தள்ளிவிடலாகாது.

இடமாற்றம் என்பது நம்மில் பலர்க்கு வாழ்க்கையின் ஒரு பகுதி. ஊர் மாறும்போது மருத்துவரும் மாறுகிறார். ஆகவே டி.எஸ்.எச்., தைராக்சின், ஏற்பி எதிர்ப்பொருள் ஆகிய சோதனைகளின் முடிவுகளையும், உண்ட மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரே உறையில் இட்டு, ரேஷன் கார்டைப் போலப் பேணிக் கொண்டுசெல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. கார்பிமசோல் உண்பவர்க்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் கண்டால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடும். உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்தம் சோதிக்கப்பெறுதல் வேண்டும். பார்வையோ நிறமோ மங்கினால் அடுத்த விடுமுறை நாள் வரட்டும் என்று காத்திராமல் கண் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது உடன்பிறந்தாளுக்கும் இதனைத் தெரிவியுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்பு மிகுதி.

உடலைக் காக்கும் படை உடலையே தாக்குவது ஏன் என்பதை மருத்துவம் இப்போது பெரும்பகுதி அறிந்துகொண்டிருக்கிறது. தவறிய சமிக்ஞையை உரிய காலத்தில் அடக்கினால் கண்ணும் காக்கப்படும். உரிய காலம் எது என்பதை மருத்துவர் அறிய வேண்டுமாயின், நோயாளி முதலில் வாய் திறந்து சொல்லுதல் வேண்டும்.